இல்லாத கையின் பற்று

கண்களை மூடினும் நம் கை எங்குள்ளது, அது ஏந்திய பொருள் கனமானதா என அறிகிறோம். தசையும் மூட்டும் அனுப்பும் செய்திகளைக்கொண்டு மூளை அதனைக் கணிக்கிறது. அறுந்த நூலை முடியும் ஆலைத் தொழிலாளியின் விரல்களுக்கும் அதுவே துணை.

ஆயின், கையை இழந்தோர் சிலர், இல்லாத அக்கை இறுக மூடி வலிப்பதாகத் துன்புறுகின்றனர். சென்னையில் மருத்துவம் கற்ற வி. எஸ். இராமச்சந்திரன், 1990களில் அமெரிக்காவில் அத்தகையோர்முன் கண்ணாடி நிறுத்தினார். எஞ்சிய கை விரியும்போது, அதன் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தோன்றிற்று. சிலருக்கு இறுக்கம் நெகிழ்ந்து வலி தணிந்தது.

அன்பர்களே! கை இல்லை, வலியோ மெய். வாதத்தால் தணியாத அவ்வலி, விரிந்த கையைக் கண்டு தணிந்தது. 'எனது' என்னும் பற்றும் இத்தகையதே. பற்றுடையோரைக் கடிந்து பயனென்? முதலில் நம் கையை விரித்துக் காட்டுவோமாக.