விறன்மிண்டர் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கிறது

"இவரெல்லாம் சாமி காரியத்தில் கை வைக்கலாமா?" எங்கள் உழவாரப் பணிக் குழுவில் இந்தக் கேள்வி அவ்வப்போது எழும். குடியை விட்டு, மறுபடி பிடித்து, மறுபடி விட்டவர் ஒருவர் எங்களோடு வருகிறார். ஊரெல்லாம் கடன். வீட்டிலும் முகம் கொடுத்துப் பேச ஆளில்லை. ஆனால் பிராகாரத்துக் கல் இடுக்கில் மண்டிய கோரையை உழவாரத்தால் நெம்பி எடுப்பதில் அவர் கைக்கு ஈடில்லை. மேலாகச் சீவிவிட்டு நகர மாட்டார். கிழங்கு கையோடு வரும்வரை விட மாட்டார்.

ஒருநாள் விளக்குத் தேய்க்க உட்கார்ந்தார். குழுவில் மூத்த அம்மா ஒருவர் புளிக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "நீங்க புல்லு பிடுங்கப் போங்க தம்பி" என்றார். அவர் மறுபேச்சில்லாமல் எழுந்து போனார்.

அந்த அம்மா கெட்டவர் இல்லை. சாமி விளக்கு சுத்தமான கையில் துலங்க வேண்டும் என்பது அவர் கவலை. மின்வாரியத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற எனக்கும் வரவும் செலவும் நேராக வேண்டும். ஆனால் தேவாரம் பாடிய சுந்தரர் கதையில் அந்தக் கணக்கு எந்த இடத்திலும் நேராவதில்லை.

ஆரம்பமே அப்படித்தான். கல்யாணப் பந்தலில் வந்து, "இவன் எனக்கு அடிமை" என்று ஓலை நீட்டிய கிழவரைப் பித்தன் என்று ஏசினார். மூல ஓலை என்று நினைத்ததைப் பிடுங்கிக் கிழித்தும் போட்டார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போய்த் தோற்ற பிறகுதான் வந்தவர் யாரென்று தெரிந்தது. என்ன பாடுவதென்று திகைத்தவரிடம், நீ ஏசிய அந்தச் சொல்லிலேயே தொடங்கு என்றார் இறைவன். தேவாரத்தில் அவருடைய முதல் பதிகம் ஒரு வசவிலிருந்து பிறந்தது. திருந்திவிட்டு வா என்று யாரும் அவரைத் திருப்பி அனுப்பவில்லை.

அதற்காக எல்லாம் மன்னிக்கப்பட்டது, எதுவும் கேட்கப்படாது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்க, "உன்னைப் பிரியேன்" என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. சந்நிதியில் செய்தால் மீற முடியாது; அதனால், அந்த நேரம் மகிழ மரத்தடிக்குப் போய்விடு என்று சாமியிடமே ஏற்பாடு செய்தார். சாமியும் சம்மதித்துவிட்டு, மகிழடியில் சத்தியம் கேள் என்று சங்கிலியார் கனவில் போய்ச் சொல்லிவிட்டார்! பிறகு திருவாரூர் நினைவு வந்து சுந்தரர் சத்தியத்தை மீறினார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரு கண்ணும் போயின. இறைவனுக்கே தோழர் என்ற சலுகை அங்கே செல்லவில்லை.

போன கண் ஒரே நாளில் திரும்பவும் இல்லை. திருவெண்பாக்கத்தில் அழுது கேட்டபோது கிடைத்தது ஓர் ஊன்றுகோல். காஞ்சியில் இடக்கண் வந்தது. வலக்கண் ஆரூர் போய்ச் சேர்ந்த பிறகுதான் வந்தது. அருள் தண்டனையைத் தள்ளுபடி செய்யவில்லை. ஆளைத் தள்ளிவிடவும் இல்லை. கண்ணில்லாத அந்த வழியிலும் அவருடைய பாட்டு வேண்டியிருந்தது.

பணிவு என்ன என்பதை நான் கற்றுக்கொண்டது இன்னொரு நிகழ்ச்சியில். ஆரூரில் தேவாசிரிய மண்டபத்தில் அடியார்கள் கூடியிருக்க, சுந்தரர் நேரே சந்நிதிக்குப் போனார். மலைநாட்டுச் செங்குன்றூரிலிருந்து வந்திருந்த விறன்மிண்டருக்குப் பொறுக்கவில்லை. அடியாரை வணங்காமல் போகும் இவனும் புறம்பு, இவனை ஆட்கொண்ட சிவனும் புறம்பு என்று சொல்லிவிட்டார். உண்மையில், இவர்களுக்கு நான் அடியவனாகும் நாள் எந்நாளோ என்று உள்ளுக்குள் ஏங்கிக்கொண்டேதான் சுந்தரர் போனார் என்கிறார், அவர் கதையைப் பாடிய சேக்கிழார். சொல்லிக்கொள்ள நியாயம் கையில் இருந்தது. அவர் சொல்லவில்லை. இறைவன் அடியெடுத்துக் கொடுக்க, திருத்தொண்டத் தொகையைப் பாடினார். பதினொரு பாட்டு, தனியடியார் 60 பேர், தொகையடியார் ஒன்பது கூட்டம், ஒவ்வொருவருக்கும் தான் அடியவன் என்றார். அந்த அறுபதில் விறன்மிண்டரும் ஒருவர்.

அடியார்க்கு அமுது படைக்கச் சூதாடி, தோற்றும் பணம் தராதவரைச் சுரிகையால் குத்திய மூர்க்க நாயனாரும் அதில் இருக்கிறார். அவர் எப்படி இந்த வரிசையில் என்று பாடியவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தன் இடம் என்ன என்ற கேள்வியும் கூடவே வந்திருக்கும்.

"நான் பாவி, எனக்கென்ன தகுதி" என்று மைக்கைப் பிடித்துச் சொல்வதில் சிரமமே இல்லை; கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அதையே இன்னொருவர் நம் முகத்துக்கு நேரே சொன்னால் மறுவாரம் குழு இரண்டாக உடையும். ஏசியவரையே நாம் வணங்கும் வரிசையில் வைக்க முடிகிறதா என்பதுதான் சோதனை.

கைநீளமுள்ளவரிடம் உண்டியல் சாவியைக் கொடுக்கச் சொல்லவில்லை. சத்தியத்தை மீறிய தோழருக்கே கண் போயிற்று. தவறுக்குக் கட்டுப்பாடு வேண்டியதுதான். ஆனால் ஆளைப் புறம்பு என்று தள்ளும் அதிகாரம் நமக்கில்லை. தள்ளிய விறன்மிண்டருக்கும் தள்ளப்பட்ட சுந்தரருக்கும் 63 நாயன்மார் வரிசையில் ஒரே பீடத்தில்தான் இடம்.

தகுதி வந்த பிறகு தொண்டுக்கு வரலாம் என்று காத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: தகுதி வரும் நாள் என்று ஒன்று இல்லை, இப்போதே வாருங்கள். வந்த இடத்தில் உங்கள் குறையை எவராவது சொல்லிக்காட்டினால், பதில் தேடாமல் அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்.