கணக்குக் கேள், கதை கட்டாதே!



இம்மாதம் என் பாவம் ஒன்றை அறிக்கையிட்டு ஆரம்பிக்கிறேன். சில வருஷங்களுக்கு முன், ஏலத்தோட்டத்திலிருந்து ஜீப்பில் இறங்கி வந்த ஒரு சகோதரன், "பாஸ்டரய்யா, அந்தப் பிள்ளைகள் இல்லத்துக்கு நாம கொடுக்கிற அரிசியெல்லாம் கடைக்குப் போகுதாமே" என்றார். "யாருப்பா பார்த்தது?" என்று கேட்டேனா? இல்லை. அடுத்த ஞாயிறு பிரசங்கத்திலே, பேர் சொல்லாமல், ஆனால் எல்லாருக்கும் விளங்கும்படி பேசிவிட்டேன். சகோதரிகள் பிடி அரிசியை நிறுத்திவிட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து அங்கே போனேன். பொறுப்பாளர் அம்மா கோபமாய் ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்டாக் நோட்டை என் முன்னே வைத்தார்கள். நம்முடைய ஒவ்வொரு மூட்டையும் தேதியோடு எழுதியிருந்தது. அன்று ராத்திரி பிள்ளைகளுக்கு வெறும் கஞ்சி. அது என் நாவு வைத்த கஞ்சி, பிரியமானவர்களே! அடுத்த ஞாயிறு அதே பீடத்தில் நின்று மன்னிப்புக் கேட்டேன். குற்றம் சொன்ன இடத்திலேதானே மன்னிப்பும் கேட்க வேண்டும்?

நம்ம போடியிலே ஏலக்காய் வியாபாரிகள் சாம்பிளைக் கையில் வாங்கிப் பார்க்காமல் விலை சொல்வதில்லை. காய்க்குக் காட்டுகிற பொறுமையை, ஏழைக்குச் சோறு போடுகிறவர்களுக்குக் காட்டக் கூடாதா?

அப்படியானால் வாயே திறக்கக் கூடாதா? அப்படியல்ல! சிலர் சங்கீதம் 105:15-ஐக் காட்டி, ஊழியக்காரனிடம் கணக்குக் கேட்காதே என்கிறார்கள். அந்த வசனம் முற்பிதாக்களுக்கு ராஜாக்கள் தீங்கு செய்யாதபடி சொல்லப்பட்டது. அது கணக்கு நோட்டுக்குப் போடுகிற பூட்டு அல்ல. ஆதி சபையிலே விதவைகளின் பந்தியில் குறை இருக்கிறதென்று முறுமுறுப்பு எழும்பினபோது, அப்போஸ்தலர் அதட்டினார்களா? சபையைக் கூட்டி, நற்சாட்சி பெற்ற ஏழு பேரை ஏற்படுத்தினார்கள் (அப். 6:1-6). பவுலும் தர்மப்பணத்தைத் தனியே கொண்டுபோகவில்லை. ஒருவரும் குற்றப்படுத்த இடமில்லாதபடி, சபைகள் தெரிந்தெடுத்த சகோதரனையும் சேர்த்துக்கொண்டான் (2 கொரி. 8:18-21).

2018 ஆகஸ்டிலே, நம் ஜனங்கள் வேலைக்குப் போகிற இடுக்கி மலையெல்லாம் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் தவித்தது. அந்த நேரத்திலும், முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் கொடுக்காதே என்று வாட்ஸ்அப்பில் செய்தி பரப்பினார்கள். விசாரித்தா அனுப்பினார்கள்? 2020-ல் எர்ணாகுளத்தில் வெள்ள நிவாரணப் பணத்தில் உண்மையாகவே முறைகேடு வெளியே வந்தது. எப்படி? ஒரு கூட்டுறவு வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்த 10 லட்சத்துக்கும் மேலான தொகை சந்தேகத்தை எழுப்பியது. விசாரணை நடந்தது, கலெக்டர் அலுவலக ஊழியர் உட்படச் சிலர் கைதானார்கள். வதந்தியா அதைப் பிடித்தது? இல்லை, கணக்குப் பிடித்தது!

ஆகவே தேவ பிள்ளையே, சந்தேகம் வந்தால் முதலில் நேரே போய்க் கேள். பதில் இல்லையென்றால் இரண்டொரு சாட்சிகளோடு போ (மத். 18:15-17). அதற்கும் மறைத்தால் சபை மூப்பர்களிடமும், பதிவான சங்கமானால் மாவட்டப் பதிவாளரிடமும் எழுதிக் கொடு. குற்றம் நிரூபணமானால் எல்லாருக்கும் முன்பாகச் சொல்லவும் வேதம் இடங்கொடுக்கிறது (1 தீமோ. 5:19, 20). ஆனால் பிள்ளைகளுக்கு அடி, கொடுமை என்று தெரிந்தால் ஒரு நாளும் காத்திராதே. உடனே 1098-க்குப் போன் பண்ணு. அங்கே மௌனம்தான் பாவம்.

நம்முடைய சபைக் காணிக்கைக் கணக்கும் இந்த மாதத்திலிருந்து வாசல் பலகையில் ஒட்டப்படும். வாசியுங்கள், விளங்காததைக் கேளுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஜெபிப்போமா? ஆண்டவரே, எங்கள் நாவுக்குக் காவல் வையும். எங்கள் கணக்குகளை வெளிச்சத்தில் வையும். எங்கள் வார்த்தையால் ஒரு பிள்ளையின் தட்டும் காலியாகாதிருக்கட்டும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென். அல்லேலூயா!