பிள்ளையும் ஓர் அமானிதமே

 

நாம் வியாபாரிகள். வருஷக் கடைசியில் ஐந்தொகை எடுக்கும்போது விற்பனைத் தொகையை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடுவதில்லை. சரக்கு இருப்பு என்ன, கடன் பாக்கி என்ன, ஊரில் நமக்குள்ள நாணயம் என்ன என்று அத்தனையும் பார்த்த பிறகே கடை நன்றாக நடக்கிறது என்கிறோம். பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் ஒரே ஒரு தொகையைக் கேட்கிறோம்: "எத்தனை மார்க்?"

படிப்பு வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஹிஜ்ரி 2 இல் நடந்த பத்ருப் போரில் சிறைப்பட்டவர்களுள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், மதீனத்துப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதையே மீட்புப் பணமாக ஏற்றுக்கொண்டவர்கள் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். கல்வியை அவ்வளவு மதித்த மார்க்கம் நம்முடையது. ஆனால் மார்க் மட்டுமே கல்வி ஆகாது.

சிங்கப்பூரில் 12 வயதுப் பிள்ளை எழுதும் பி.எஸ்.எல்.இ. தேர்வு எத்தனையோ வீடுகளின் தூக்கத்தைக் கெடுக்கிறது. இந்த ஓட்டத்தைத் தணிக்கக் கல்வி அமைச்சே முன்வந்தது. முதன்மையாகத் தேறியவரின் பெயரை வெளியிடும் வழக்கத்தை 2012 இல் நிறுத்தியது. பிள்ளைகளை ஒருவரோடொருவர் ஒப்பிட்டுப் புள்ளி போடும் பழைய முறையை 2021 இல் மாற்றியது. 2023 முதல் தொடக்க, உயர்நிலைப் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வையும் எடுத்துவிட்டது. பள்ளிக்கூடம் தந்த அந்த ஓய்வு நேரத்தை நாம் இன்னொரு துணைப்பாட வகுப்பால் நிரப்பிவிட்டால் என்ன பயன்?

உயர்நிலைப் பள்ளியில் விளையாட்டு, சீருடைப் படை, கலை போன்ற இணைப்பாட நடவடிக்கைகள் உண்டு. "பந்து உதைத்தால் சோறு வருமா?" என்று கேட்பவர் நம்மில் இருக்கிறார்கள். தோற்றால் பொறுப்பதும், வென்றால் தலைக்கனமின்றி இருப்பதும், மலாய், சீனப் பிள்ளைகளோடு தோள் சேர்ந்து உழைப்பதும் அங்கேதான் பழக்கமாகின்றன. நாளைக்கு நம் கடையின் பங்காளியிடம் நாம் தேடுவதும் இந்தக் குணங்களைத்தானே!

திருமறையின் 31 ஆவது அத்தியாயத்தில் லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் செய்த உபதேசம் இருக்கிறது. அல்லாஹ்வுக்கு இணை வைக்கலாகாது, தொழுகையைப் பேணவேண்டும், துன்பத்தைப் பொறுக்கவேண்டும், மக்களைக் கண்டு முகத்தைத் திருப்பலாகாது, பெருமையடித்து நடக்கலாகாது, குரலைத் தாழ்த்திப் பேசவேண்டும். ஒரு செயல் கடுகளவே ஆனாலும் அல்லாஹ் அதை வெளிக்கொணர்வான் என்றும் அங்கே எச்சரிக்கை உண்டு. கடுகை நிறுத்து விற்கும் நமக்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

அனஸ் (ரலி) அவர்கள் சிறு பிராயத்தில் நாயகத்தின் பணிவிடைக்கு வந்து, 10 ஆண்டுகள் உடனிருந்தார்கள். அத்தனை ஆண்டுகளிலும் நாயகம் தம்மைச் சீ என்று சொன்னதில்லை, ஏன் இப்படிச் செய்தாய் என்று கடிந்ததுமில்லை என்று அவர்களே அறிவித்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைதான் பின்னாளில் 2,000க்கும் மேற்பட்ட ஹதீஸ்களை உலகுக்குத் தந்த பெரியார்.

நாமோ சுபுஹு தொழுது கடைக்குப் போனால் இஷாவுக்குப் பின்தான் திரும்புகிறோம். பாடத்துக்கு ஓர் ஆசிரியர், ஓதலுக்கு ஓர் உஸ்தாது என்று சம்பளம் கொடுத்து ஏற்பாடு செய்துவிடுகிறோம். குணத்தை மட்டும் சம்பளத்துக்கு ஆள் வைத்து வளர்க்க முடியாது.

பள்ளி விடுமுறையில் ஓரிரு நாள் பிள்ளை கடைக்கு வரட்டும். வேலை வாங்க வேண்டாம், பார்த்தாலே போதும். தராசு நேராக நிற்பதைப் பார்க்கட்டும். கூடுதலாக வந்த சில்லறையை வாடிக்கைக்காரரைக் கூப்பிட்டுத் திருப்பித் தருவதைப் பார்க்கட்டும். வேலையாளிடம் நாம் மரியாதையாகப் பேசுவதைக் கேட்கட்டும். கடன் கேட்டு டெலிபோன் வரும்போது, "வாப்பா இல்லை என்று சொல்" என்றால், அதுவும் அவனுக்கு ஒரு பாடமாகிவிடும் என்பதை மறக்கவேண்டாம். அந்தப் பாடத்தை எந்தப் பள்ளிக்கூடத்தாலும் அழிக்க முடியாது.

ஆகவே சகோதரர்களே! இன்றிரவு வீடு திரும்பியதும், மகனிடமும் மகளிடமும் மார்க்கைக் கேட்பதற்கு முன், "இன்று தொழுதாயா? யாருக்கு உதவி செய்தாய்?" என்று கேட்போம். நம் பொறுப்பில் விடப்பட்டவர்களைப் பற்றி மறுமையில் நம்மிடம் விசாரணை உண்டு. அன்று தேர்வு எழுதப்போவது பிள்ளைகள் அல்ல, நாம்.

அறிவும் அடக்கமும் நாணயமும் உள்ள சந்ததிகளை அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.