பச்சை உடம்புக்காரியின் கூலி

1919ஆம் ஆண்டின் இறுதியில் வாஷிங்டன் நகரில் கூடிய முதலாவது சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, பிரசவத்துக்கு முன் ஆறு வாரமும் பின் ஆறு வாரமும் தொழிலாளப் பெண்ணுக்கு ஓய்வு உண்டென்றும், அக்காலத்தில் தாயும் சேயும் ஆரோக்கியமாக ஜீவிப்பதற்குப் போதுமான பணத்தைப் பொது நிதியிலிருந்தோ காப்பீட்டின் மூலமாகவோ கொடுக்க வேண்டுமென்றும் ஓர் ஒப்பந்தத்தை ஏற்றது. நூறாண்டு கடந்தும், அந்த மாநாட்டுக்கு இடமளித்த அமெரிக்க தேசத்திலே, உழைக்கும் தாய்மார் அனைவருக்கும் சம்பளத்துடன் கூடிய பிரசவ விடுப்பை உறுதி செய்யும் தேசியச் சட்டம் இல்லை.

செல்வத்திலும் வைத்திய சாஸ்திரத்திலும் முன்னணியில் நிற்கும் நாட்டில் இக்குறை எவ்வாறு நிலைத்தது என்று விசாரித்தால், பிள்ளை பெறுவது அவரவர் சொந்த விஷயம், அதன் செலவும் அவரவரையே சேரும் என்ற எண்ணம் அடியில் ஊன்றியிருப்பது புலனாகும். 1993ஆம் ஆண்டில், முந்தைய ஜனாதிபதியால் இருமுறை நிராகரிக்கப்பட்ட பிறகு நிறைவேறிய விடுப்புச் சட்டமும் இவ்வெண்ணத்துக்குப் பாதி பணிந்ததே. பன்னிரண்டு வாரம் வரை வேலை பறிபோகாது. ஆனால் சம்பளம் கிடையாது. அதுவும், தனியார் நிறுவனமானால், ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், ஓராண்டு பணி முடித்து, அவ்வாண்டில் 1,250 மணி நேரமாவது உழைத்தவளுக்குத்தான்.

சம்பளமில்லாத விடுப்பு சேமிப்பு உள்ளவளுக்கே விடுப்பாகும். வாரக் கூலியை வைத்து வீட்டு வாடகை கட்டும் கடைச் சிப்பந்தி ஒருத்தி, அறுவைச் சிகிச்சையில் பிள்ளை பெற்று, வயிற்றுத் தையல் முழுதும் ஆறுமுன்னரே, மூன்றாம் வாரத்தில் கல்லாவின் முன் வந்து நிற்கிறாள். எட்டு மணி நேரம் கால் கடுக்க நிற்கும் அவளுக்கு, பால் கட்டி மார்பு கனத்து, ரவிக்கை நனைந்து, சரக்கறையின் மூலையில் ஒதுங்கிப் பாலைக் கறந்து பாத்திரத்தில் அடைக்க நேரும்போது, இது உன் சொந்த விஷயம் என்று எவரால் மனசாட்சியோடு சொல்ல இயலும்? பிள்ளை பெற்றவளைப் பச்சை உடம்புக்காரி என்று சொல்லி, அவள் குடம் தூக்கினாலும் பதறுகிற நம் பாட்டிமாருக்கு, இதை நியாயமென்று யாரும் விளக்கிவிட முடியாது.

எனினும், பிள்ளையில்லாதவன் பிறர் பிள்ளைக்காக ஏன் கொடுக்க வேண்டும் என்ற வினா அலட்சியம் செய்யத்தக்கதன்று. அதற்கு விடை அந்நாட்டின் சட்டத்திலேயே இருக்கிறது. 1935ஆம் ஆண்டில் ஏற்பட்ட சமூகக் காப்புச் சட்டத்தின்படி முதியோர் பெறும் உதவித்தொகை, பெரும்பாலும் அவ்வப்போது உழைப்போரின் சம்பளத்தில் பிடிக்கும் வரியிலிருந்தே வருகிறது. பிள்ளையில்லாத அம்மனிதனும், தள்ளாத வயதில், இன்று எவளோ ஒருத்தி பெற்று வளர்க்கும் பிள்ளையின் உழைப்பிலேதான் உண்பான். குழந்தை வளர்ந்து தரும் பலனைப் பொதுச் சொத்தாக வாங்கிக்கொண்டு, அது பிறந்த வாரங்களின் பாரத்தை மட்டும் தாயின் தனிச்சொத்தாக விடுவது எந்தத் தர்மத்துக்கும் ஒவ்வாது.

பாரம் முழுவதையும் முதலாளி தலையில் ஏற்றுவதும் சரியாகாது. ஐந்து பேரை வைத்துக் கடை நடத்துபவர், அதற்கஞ்சி, இளம்பெண்களை வேலைக்கே சேர்க்கமாட்டார். உதவி செய்ய வந்த சட்டம் அவர்களுக்கே பகையாகும். கலிபோர்னியா மாநிலம், 2002ஆம் ஆண்டில் சட்டமியற்றி, தொழிலாளர் சம்பளத்தில் சிறு பங்கைப் பிடித்துப் பொது நிதியாக்கி, பிறந்த குழந்தையைப் பேணும் காலத்துக்கு 2004 முதல் பணம் கொடுத்து வருகிறது. வேறு சில மாநிலங்களும் அவ்வழியில் சென்றன. இத்தகைய முறையைத் தேசம் முழுவதற்கும் விரிக்கும் மசோதா 2013 முதல் காங்கிரஸில் பலமுறை கொண்டுவரப்பட்டும் நிறைவேறவில்லை.

இதனிடையே, 2020 அக்டோபர் முதல், மத்திய அரசாங்கம் தன் உத்தியோகஸ்தர்களில் பெரும்பாலோருக்கு, குழந்தை பிறந்தால் பன்னிரண்டு வாரம் சம்பளத்துடன் விடுப்பளிக்கிறது. இது இயலாத காரியம் என்ற வாதம் அன்றே விழுந்துவிட்டது. ஆனால் அதே அரசாங்க அலுவலகத்தை இரவில் பெருக்கித் துடைக்கிற ஒப்பந்தக்காரரின் வேலைக்காரியை அந்த ஏற்பாடு தொடுவதில்லை.