பொழுது சாயுமுன் கொடுக்க வேண்டிய கூலி



பாவசங்கீர்த்தனத்துக்கு முன் ஆத்தும சோதனை செய்யும்போது பத்துக் கற்பனைகளையும் ஒவ்வொன்றாய் எண்ணிப் பார்க்கிறோம். ஏழாம் கற்பனைக்கு வந்ததும் நம்மில் அநேகர் ஒரு நொடியில் அதைக் கடந்து போகிறோம். "நான் யார் வீட்டுச் சுவரையும் துளைக்கவில்லை, யார் பையிலும் கை போடவில்லை" என்று மனச்சாட்சி சமாதானம் சொல்லுகிறது. ஆனால் களவில் இரண்டு வகை உண்டு. பிறன் கையில் இருப்பதை எடுத்துக்கொள்வது ஒன்று. பிறன் கைக்குப் போய்ச் சேர வேண்டியதை நம் கையிலேயே வைத்துக்கொள்வது மற்றொன்று. முதல் வகைத் திருடனைப் போலீஸ் தேடுகிறது. இரண்டாம் வகைத் திருடனோ ஊரில் மரியாதையோடு நடமாடுகிறான். இந்த இரண்டாம் வகையைப் பற்றியே இந்த வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

சிறு வயதில் ஞானோபதேசத்தில் மனப்பாடம் பண்ணியதை நினைத்துப் பாருங்கள். வானத்தை நோக்கி முறையிடுகிற பாவங்கள் நாலு என்று கற்றோம். அவற்றில் இரண்டு நாம் பேசும் காரியத்தைச் சேர்ந்தவை: ஏழைகளை ஒடுக்குவது, வேலை செய்தவனுக்கு அவன் கூலியைக் கொடாமற் போவது. மனதார ஒருவனைக் கொலை செய்வது எந்த வரிசையில் வைக்கப்பட்டிருக்கிறதோ, அதே வரிசையில் இவையும் வைக்கப்பட்டிருக்கின்றன. 1992-ம் வருஷம் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் வெளியிட்ட கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் தன் 1867-ம் எண்ணில் இதை நமக்கு மறுபடியும் நினைப்பூட்டுகிறது.

கூலியைத் தாமதிப்பது அவ்வளவு பெரிய பாவமா என்று நீங்கள் கேட்கலாம். வீட்டில் வேதாகமத்தை எடுத்து, உபாகமம் 24-ம் அதிகாரத்தைப் பொறுமையாய் வாசித்துப் பாருங்கள்.

கடன் கொடுத்தவன் அடகு வாங்கப் போனால், கடன்பட்டவன் வீட்டுக்குள் நுழையக் கூடாது. வெளியே நிற்க வேண்டும். கடன்பட்டவனே அடகுப் பொருளைக் கொண்டுவந்து கொடுப்பான் என்பது அங்கே ஒரு கட்டளை. கடன்பட்டவன் ஏழைதான், ஆனாலும் அவன் வாசற்படி அவனுடையது. திருகைக் கல்லை அடகு வாங்கக் கூடாது, மேற்கல்லை மட்டும்கூட வாங்கக் கூடாது என்பது இன்னொன்று. அந்நாட்களில் வீட்டில் மாவரைத்தால்தான் அப்பம். கல்லைத் தூக்கிக்கொண்டு போகிறவன் அந்த வீட்டின் உயிரையே தூக்கிக்கொண்டு போகிறான். ஏழையின் மேற்போர்வையை அடகு வாங்கினால் பொழுது சாயும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும். இரவில் அவன் போர்த்திப் படுக்க வேறொன்றும் இல்லை. விதவையின் உடையை அடகாகத் தொடவே கூடாது. அறுப்பில் மறந்து விட்ட கதிர்க்கட்டுக்குத் திரும்பிப் போகக் கூடாது. அது பரதேசிக்கும் அநாதைக்கும் விதவைக்கும் உரியது. இதை நன்றாய்க் கவனியுங்கள். வயற்காரன் பெரிய மனது பண்ணிக் கொடுக்கும் பிச்சையல்ல அது. சர்வேசுரன் அவர்கள் பேருக்கு ஏற்கெனவே எழுதி வைத்த பங்கு.

இந்தக் கட்டளைகளின் நடுவில்தான் கூலியைப் பற்றிய கட்டளையும் வருகிறது. கூலியாள் சொந்த ஜாதியானாலும் அந்நியனானாலும், அன்றன்றைய கூலியை அன்றன்று, சூரியன் அஸ்தமிக்கும் முன் கொடுத்துவிட வேண்டும். ஏனென்றால் அவன் ஏழை; அந்தக் கூலியை நம்பியே அவன் உயிர் இருக்கிறது. அவன் உனக்கு விரோதமாய்ச் சர்வேசுரனை நோக்கிக் கூப்பிட்டால், பாவம் உன்மேல் சுமரும்.

ஆண்டவர் ஏன் சூரிய அஸ்தமனத்தை எல்லையாய் வைத்தார்? கையில் நாலு காசு உள்ளவனுக்கு இன்றைக்கும் நாளைக்கும் அதிக வித்தியாசமில்லை. அன்றாடங்காய்ச்சிக்கோ, இன்று வராத கூலி என்றால் இன்று எரியாத அடுப்பு. நம் சேசுநாதர் சொன்ன திராட்சத் தோட்டத்து உவமையை (மத்தேயு 20) வேறு பொருளுக்காகவே நாம் அடிக்கடி கேட்கிறோம். அதில் ஒரு சிறு விஷயம் நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. சாயந்தரமானதும் எஜமானன் காரியஸ்தனைக் கூப்பிட்டுக் கூலி கொடுக்கச் சொல்லுகிறான். முணுமுணுத்தவர்கள்கூடக் கையில் காசை வாங்கிக்கொண்டுதான் முணுமுணுத்தார்கள். நாளைக்கு வா என்று அந்த எஜமானன் ஒருவனையும் அனுப்பவில்லை.

அர்ச். இயாகப்பர் தம் நிருபத்தின் 5-ம் அதிகாரத்தில் இன்னும் பயங்கரமாய்ப் பேசுகிறார். பிடித்து வைக்கப்பட்ட கூலியே கூக்குரலிடுகிறது என்கிறார். கூலிக்காரன் ஒருவேளை பயத்தினால் வாயை மூடிக்கொண்டிருப்பான். ஆனால் நம் பெட்டிக்குள் இருக்கும் அவன் பணம் வாய் மூடாது. "ஏழை அழுத கண்ணீர் கூரிய வாளை ஒக்கும்" என்று நம் பெரியோர் சொன்னதும் இதுவே.

பிரியமானவர்களே, மற்றவர்களைக் குற்றம் சாட்டுவது சுலபம். ஆகையால் என் சொந்தக் குற்றத்தை முதலில் சொல்லுகிறேன்.

நான் முன்பு வேறொரு பங்கில் இருந்தபோது, திருவிழாவுக்கு முன் கோவில் சுற்றுச் சுவரைக் கட்டி முடிக்க ஆசைப்பட்டேன். ஒரு கொத்தனாரும் இரண்டு சித்தாட்களும் வேலை செய்தார்கள். சனிக்கிழமை தோறும் கூலி என்று பேச்சு. கடைசி மூன்று வாரங்களில் கையில் பணம் குறைந்தது. பந்தற்காரர் முன்பணம் கேட்டார், கொடுத்தேன். மேளக்காரர் கேட்டார், கொடுத்தேன். மின்விளக்கு அலங்காரத்துக்கும் வாணவேடிக்கைக்கும் கொடுத்தேன். அந்தச் சித்தாட்களில் ஒருத்தி கைம்பெண். இரண்டாம் சனிக்கிழமை சாயந்தரம் குருமனை வாசலில் வந்து நின்றாள். "திருவிழா முடியட்டும் அம்மா, காணிக்கை எண்ணினதும் தருகிறேன். கோவில் பணம் எங்கே ஓடிப் போகிறது?" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவளும் "சரி சாமி" என்று போய்விட்டாள். திருவிழாப் பூசையில் பிறர் சிநேகத்தைப் பற்றி அரைமணி நேரம் பிரசங்கம் பண்ணினேன்.

காணிக்கை எண்ணி முடித்ததும் அவளை அழைத்து மூன்று வாரக் கூலியையும் ஒரு பைசா குறையாமல் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாள். "என்ன அம்மா?" என்றேன். "கூலி வந்துவிட்டது சாமி. கம்மலை அடகு வைத்து அரிசி வாங்கினேன். அதுக்கு வட்டி ஏறியிருக்கு. அதை மீட்க இந்தக் கூலியிலிருந்துதான் எடுக்கணும்" என்றாள். என்மேல் குறை சொல்லும் குரல் அல்ல அது. கணக்கைத்தான் சொன்னாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கோவில் பணம் எங்கேயும் ஓடிப் போகவில்லை. அவள் கம்மல்தான் போயிருந்தது. நான் ஒரு வேதாகம வசனத்தைப் படிக்காத குற்றவாளி அல்ல. குருமடத்தில் அதைப் படித்துப் பரீட்சையும் எழுதியவன். வட்டிப் பணத்தையும் அன்றே கொடுத்தேன். அந்த மூன்று வாரங்களில் அவள் பட்ட கவலையை எதைக்கொண்டு திருப்பிக் கொடுப்பது?

அன்றுமுதல் ஒரு காரியத்தை யோசித்து வருகிறேன். எனக்கு அப்போது பணமே இல்லை என்று சொல்ல முடியாது. மேளக்காரருக்குக் கொடுக்க இருந்தது. அவருக்குக் கொடுக்காவிட்டால் அவர் வரமாட்டார். ஊரில் எனக்கு வெட்கம். கைம்பெண்ணுக்குக் கொடுக்காவிட்டால் ஒன்றும் நடக்காது. "சரி சாமி" என்று போய்விடுவாள். ஆகையால் அவள் கடைசியானாள். நாம் எல்லோரும் இப்படித்தான் செய்கிறோம். அதட்டிக் கேட்கக் கூடியவனுக்கு முதலில் கொடுக்கிறோம். கேட்கப் பயப்படுகிறவனைக் காத்திருக்கச் சொல்லுகிறோம். மோயீசன் வழியாய்க் கொடுக்கப்பட்ட கட்டளை இந்த வரிசையைத் தலைகீழாய்த் திருப்பிப் போடுகிறது. கேட்க நாவில்லாதவனுக்குச் சர்வேசுரன் தாமே நாவாகிறார்.

"பேசின கூலியைத்தானே கொடுக்கிறேன், குறைவான கூலிக்கு அவனே சம்மதித்தான்" என்று சிலர் சொல்லுவார்கள். 1891-ம் வருஷம் மே 15-ந் தேதி பாப்பரசர் 13-ம் சிங்கராயர் தொழிலாளிகளைப் பற்றி எழுதிய சுற்று மடலில் இதற்கு மறுமொழி உண்டு. பசியின் நெருக்கத்தால் ஒருவன் குறைந்த கூலிக்குத் தலையசைத்தால், அந்தச் சம்மதம் அநீதியை நீதியாக்கிவிடாது என்பது அவர் போதனை. நம் தேசத்து உச்ச நீதிமன்றமும் 1982-ம் வருஷம் இதற்கு ஒத்த தீர்ப்பைச் சொன்னது. அவ்வருஷம் டில்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டட வேலை செய்தவர்களைப் பற்றிய வழக்கு அது. சட்டம் குறித்த குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாய் வாங்கிக்கொண்டு ஒருவன் உழைத்தால், அது அரசியல் சாசனத்தின் 23-ம் பிரிவு தடை செய்கிற கட்டாய வேலையே என்று நீதிபதிகள் தீர்த்தார்கள். வறுமையும் ஒரு சாட்டைதான்.

கூலியோடு இந்தப் பாவம் முடிந்துவிடுவதில்லை. பத்திரத்தில் கையெழுத்து வாங்கியும் ஒருவன் உரிமையைப் பறிக்கலாம். அரசர் ஆகமத்தில் வரும் நாபோத்தின் சரித்திரம் உங்களுக்குத் தெரியும். ஆக்காப் ராசா ஆரம்பத்தில் நியாயமான விலைதான் பேசினான். பிதாக்கள் வழிவந்த திராட்சத் தோட்டத்தைக் கொடுக்க மாட்டேன் என்று நாபோத் சொன்னபோதுதான், ராசா சாப்பிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தான். பிறகு எசபேல் ராசாவின் முத்திரையோடு கடிதங்கள் அனுப்பினாள். உபவாசம் கூறப்பட்டது, சபை கூடியது, இரண்டு சாட்சிகள் வந்தார்கள், நாபோத் கல்லெறிந்து கொல்லப்பட்டான். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் முறைப்படி நடந்த விசாரணை. ஆக்காப் ஒரு கல்லையும் எறியவில்லை. ஆனால் அவன் சுதந்தரித்துக்கொள்ளப் போன அதே தோட்டத்தில் எலியாஸ் தீர்க்கதரிசி அவனுக்கு எதிரே வந்து நின்றார்.

நம் வீடுகளிலும் சிறு சிறு நாபோத் தோட்டங்கள் உண்டு. தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால், 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கிறிஸ்தவ மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. ஆனால், "கல்யாணத்தில் நகை போட்டுவிட்டோமே" என்று சொல்லி, தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிற அண்ணன்மார் உண்டு. அவள் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் குற்றமில்லை. "கையெழுத்துப் போடாவிட்டால் பிறந்த வீட்டு வாசலை மிதிக்காதே" என்று சொல்லி வாங்கினால், அது பத்திர ஆபீசில் செல்லும், பரலோகத்தில் செல்லாது. எண்ணாகமம் 27-ம் அதிகாரத்தில், ஆண்பிள்ளை இல்லாமல் இறந்த ஒருவனுடைய ஐந்து பெண்மக்கள் மோயீசன் முன்னும் சபையார் எல்லோர் முன்னும் நின்று தகப்பன் பங்கைக் கேட்டார்கள். மோயீசன் அதைச் சர்வேசுரனிடம் கொண்டுபோனார். அந்தப் பெண்கள் கேட்டது நியாயமே என்று சர்வேசுரன் தீர்ப்புச் சொன்னார்.

இனி, பறித்ததைப் பரிகரிப்பது எப்படி? தர்மம் கொடுத்துச் சரிக்கட்டிவிடலாம் என்று எண்ணாதீர்கள். "கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தது போல" என்று நம் ஊரில் சொல்லுவார்கள். ஏழைகளின் பொருளைக் கொண்டு காணிக்கை செலுத்துகிறவன், தகப்பன் கண்முன்னே பிள்ளையைக் கொல்லுகிறவனுக்கு ஒப்பாவான் என்று சீராக் ஆகமம் 34-ம் அதிகாரம் போதிக்கிறது. லேவியராகமம் 6-ம் அதிகாரத்திலோ, பிறன் பொருளை அநியாயமாய் வைத்துக்கொண்டவன் முதலையும் அதோடு ஐந்தில் ஒரு பங்கையும் உரியவனிடம் கொடுக்க வேண்டும் என்றும், பாவத்துக்கான பலியையும் செலுத்த வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. பலி மட்டும் போதாது.

சக்கேயுவைப் பாருங்கள். அவன் இரண்டு கணக்கு வைத்தான். ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு என்பது தர்மக் கணக்கு. அநியாயமாய் வாங்கினதற்கு நாலத்தனை என்பது நீதிக் கணக்கு. ஒன்றை மற்றொன்றில் கழித்துக்கொள்ளவில்லை. அவன் வீட்டுக்கு இரட்சணியம் வந்தது என்று ஆண்டவர் சொன்னது அப்போதுதான்.

ஆகையால் இந்த வாரம் ஒவ்வொருவரும் வீட்டில் தனியே உட்கார்ந்து ஒரு கணக்கு எழுதுங்கள். வேலைக்காரம்மாவுக்கு எத்தனை நாள் சம்பளம் பாக்கி? காய்ச்சலால் வராத நாளுக்குப் பிடித்தோமா? தெருவில் கீரை விற்கிற கிழவியிடம் பிறகு தருகிறேன் என்று சொல்லி மறந்தோமா? வாடகை வீட்டார் கொடுத்த முன்பணத்தைக் காரணமில்லாமல் பிடித்து வைத்தோமா? சகோதரியின் பங்கு எங்கே? உரியவர் இறந்திருந்தால் அவர் வாரிசுகளிடம் கொடுங்கள். யாரையும் கண்டுபிடிக்க முடியாவிட்டால் மட்டும் அந்தத் தொகையை ஏழைகளுக்குக் கொடுங்கள். ஒரே தடவையில் கொடுக்க முடியாதவர்கள் சிறுகச் சிறுகக் கொடுங்கள். ஆனால் இன்றே ஆரம்பியுங்கள். மெய்யாகவே கையில் இல்லாதவனிடம் சர்வேசுரன் இல்லாததைக் கேட்கமாட்டார். யாருக்கு முதலில் கொடுத்தாய் என்று மாத்திரம் கேட்பார்.

அடுத்த மாதம் நமது மாதா கெபி வேலை ஆரம்பமாகிறது. அங்கே உழைக்கிறவர்களின் கூலி சனிக்கிழமை பொழுது சாயுமுன் அவர்கள் கையில் இருக்கும். பணம் போதாவிட்டால் வேலை நிற்குமே தவிர, கூலி நிற்காது. தவறினால் உங்களில் யாரும் குருமனைக் கதவைத் தட்டி என்னைக் கேட்கலாம். சூசையப்பர் கைவேலை செய்து பிழைத்தவர். அந்தக் கூலியில் வாங்கின அப்பத்தை உண்டு வளர்ந்தவர் நம் ஆண்டவர். தச்சனுடைய வீட்டில் சாயந்தரம் எப்படிப்பட்டது என்பது அவருக்குத் தெரியும்.

அவர் நம் எல்லோருக்கும் திறந்த கையையும் நேர்மையான மனதையும் தந்தருள்வாராக. ஆமென்.

உங்கள் பங்குக் குரு