அக்ரிப்பினா மீது எழுதிய கணக்கு

கி.பி. 59-இல் ரோமப் பேரரசன் நீரோ தன் தாய் அக்ரிப்பினாவைக் கொல்ல ஏற்பாடு செய்தான். கடலில் தானாகவே நொறுங்கும் படகில் ஏற்றிவிட்டான். அவள் நீந்திக் கரையேறிவிட்டாள். பிறகு வீட்டுக்கே ஆள் அனுப்பிக் காரியத்தை முடித்தார்கள். செனட் சபைக்குப் போன விளக்கக் கடிதத்தை எழுதிக் கொடுத்தவர் தத்துவ ஞானி செனெகா. ஆட்சியில் பங்கு கேட்டாள், முந்தைய மன்னர் கிளாடியஸ் காலத்துக் கொடுமைகளுக்கும் அவளே காரணம் என்று குற்றப் பட்டியல் நீண்டது. ‘எல்லாம் அம்மாவால் வந்த வினை’ என்ற வாதத்தை முதலில் சொன்னது கொன்றவன் தரப்புதான்.

அதற்காக அவளை அப்பாவி ஆக்கிவிட முடியாது. 49-இல் சொந்தச் சிற்றப்பனான கிளாடியஸை மணந்தாள். மறு ஆண்டே நீரோவை அவருக்குத் தத்துப்பிள்ளை ஆக்கினாள். அவர் பெற்ற பிள்ளை பிரிட்டானிக்கஸ் பின்னுக்குப் போனான். 54-இல் பதினாறு வயது நீரோ அரியணை ஏறியபோது வெளியான நாணயத்தில் தாயும் மகனும் முகத்துக்கு முகம் பார்க்கிறார்கள். சுற்றியிருக்கும் எழுத்தில் தாயின் பெயரும் பட்டமும். செனட் சபையை அரண்மனைக்கே வரவழைத்து, திரைக்குப் பின்னால் நின்று கேட்டாள். ஆர்மீனியத் தூதர்கள் வந்த அன்று அவள் மகனின் மேடையை நோக்கியே நடந்தாள். அவையே திகைத்து நிற்க, இறங்கிப் போய் அம்மாவை எதிர்கொள்ளச் சொன்னார் செனெகா. பாசம்போலக் காட்டி மானத்தைக் காத்தார்கள்.

அவள் பேரரசன் அகஸ்டஸின் கொள்ளுப்பேத்தி, இன்னொரு பேரரசன் கலிகுலாவின் தங்கை. ஆனால் பெண் என்பதால் சபையில் இடமில்லை, பதவியும் இல்லை. ஆள நினைத்தால் மகன் வழியாகத்தான் ஆள வேண்டும். அவள் ஏன் அப்படி நடந்தாள் என்பதற்கு இது காரணம். செய்தது சரி என்பதற்கு அல்ல. பெற்ற பிள்ளையை ஏணியாக்கிய குற்றம் அவளுடையதே. மனிதர்களைப் பயன்படுத்தித் தள்ளிவிடலாம் என்பதை அவன் வீட்டிலேயே பார்த்து வளர்ந்தான்.

அதற்கு மேல் அவள் கணக்கில் எழுதுவது அநியாயம். 55-இல் பிரிட்டானிக்கஸ் விருந்து மேசையிலேயே விஷத்தால் செத்தபோது அக்ரிப்பினாவின் முகத்தில் திகில் வெளிப்பட்டது என்கிறார் வரலாற்றாசிரியர் டாசிட்டஸ்; அவளுக்கு நட்பானவர் அல்லர் அவர். அந்தக் கொலை அவளைக் கேட்டு நடந்ததல்ல. நீரோவின் தொடக்க ஆண்டுகள் நல்லாட்சி என்றால் புகழ் அவனுடைய ஆசிரியர் செனெகாவுக்கும் காவற்படைத் தலைவர் புர்ரஸுக்கும். கெட்டுப்போனால் பழி தாய்க்கு. வளர்த்தது அந்த ஆசிரியரும்தானே?

அதிகாரத் தாய்மாரின் மகன்கள் எல்லாரும் நீரோ ஆவதில்லை. பின்னாளில் அமெரிக்க அதிபரான பிராங்ளின் ரூஸ்வெல்ட்டின் தாய் சாரா, 1908-இல் நியூயார்க்கில் மகனுக்கும் தனக்கும் ஒட்டினாற்போல் இரட்டை வீடு கட்டி, நடுவே கதவுகளும் வைத்தவர். 1921-இல் மகனைப் போலியோ தாக்கியதும் அரசியலை விட்டு ஊரோடு ஒதுங்கியிருக்கச் சொன்னார். மகன் கேட்கவில்லை, தாயைப் பகைத்துக்கொள்ளவும் இல்லை.

செனெகாவின் கடிதம் வந்ததும் செனட் சபை நன்றி வழிபாடுகளை அறிவித்தது; அக்ரிப்பினா பிறந்த நாளைத் தீய நாள்களில் சேர்த்தது. திராசியா பீட்டஸ் என்ற ஒரு உறுப்பினர் மட்டும் எழுந்து வெளியே போனார். ஆமோதித்த மற்றவர்களின் கோழைத்தனத்துக்கு அவரவர் தாயை யாரும் குற்றம் சொன்னதில்லை.