கட்டைவிரலின் பொறுப்பு

எம்எல்பி தி ஷோ என்ற பேஸ்பால் வீடியோ கேமில் செட்டிங்ஸைத் திறந்து பிட்சிங் பகுதிக்குப் போனால் ஐந்து பெயர்கள் இருக்கும். கிளாசிக், பல்ஸ், மீட்டர், ப்யூர் அனலாக், பின்பாயிண்ட். பந்து வீச ஐந்து வழிகள். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதிதாக ஆட வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "எதுல ப்ரோ ஈஸியா ஜெயிக்கலாம்?" நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பட்டியல் இன்னொன்றையும் கேட்பதாக எனக்குப் படுகிறது. பந்து குறி தப்பினால் அதை யாருடைய தப்பு என்று சொல்லிக்கொள்ளப் போகிறாய்?

பேஸ்பால் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். பிட்சர் நிற்கும் மேட்டுக்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். 1893-லிருந்து அந்தத் தூரம் மாறவில்லை. பிளேட்டின் அகலம் வெறும் 17 அங்குலம். அதன் மேலே, பேட்டரின் முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாத ஒரு சட்டம். அதற்கு வெளியே நான்கு பந்துகள் போய், பேட்டரும் அவற்றை அடிக்காமல் விட்டுவிட்டால், அவர் சும்மா நடந்தே முதல் பேஸுக்குப் போய்விடலாம். சரி, பயந்துகொண்டு சட்டத்தின் நட்டநடுவில் போட்டால் பந்து வேலியைத் தாண்டிவிடும். எனவே பிட்சரின் பிழைப்பு முழுக்க அந்தச் சட்டத்தின் ஓரங்களில்தான். நம்முடைய யார்க்கரை நினைத்துக்கொள்ளுங்கள். அரையடி முன்னே பின்னே போனால் கதை முடிந்தது.

இப்போது அந்த ஐந்து வழிகள். கிளாசிக்கில் என்ன பந்து, எங்கே என்று சொல்லிப் பட்டனை அழுத்தினால் போதும். மீதியை அந்த பிட்சருக்கு கேம் கொடுத்திருக்கும் எண்கள் பார்த்துக்கொள்ளும். பல்ஸில் குறியைச் சுற்றி ஒரு வட்டம் சுருங்கி விரிந்துகொண்டே இருக்கும். அது மிகச் சிறியதாக இருக்கும் கணத்தில் அழுத்த வேண்டும். பந்து அந்த வட்டத்துக்குள் எங்கோ ஓரிடத்தில் விழும். எங்கே என்பது உங்கள் கையில் இல்லை. மீட்டரில் ஒரு பட்டை ஓடும், மூன்று அழுத்தல்கள்: தொடங்க, வேகத்துக்கு, துல்லியத்துக்கு. ப்யூர் அனலாக்கில் வலது ஸ்டிக்கைக் கீழே இழுத்து மேலே தள்ள வேண்டும். 2021-இல் வந்த பின்பாயிண்ட் இருக்கிறதே, அது வேறு ரகம். ஒவ்வொரு வகைப் பந்துக்கும் ஒரு கோலம். அதை வலது கட்டைவிரலால் ஸ்டிக்கில் போட வேண்டும், சரியான வேகத்தில் போட வேண்டும், கடைசி இழுப்பைச் சரியான நொடியில் சரியான திசையில் முடிக்க வேண்டும். எல்லாம் கூடிவந்தால் பந்து நினைத்த இடத்துக்கு ஏறக்குறைய மயிரிழை பிசகாமல் போகும். கூடிவரவில்லை என்றால் எங்கே சறுக்கியது என்று திரையிலேயே வந்துவிடும். கோலம் கோணலா, விட்டது சீக்கிரமா தாமதமா என்று. விடைத்தாளைத் திருத்திக் கையில் கொடுப்பதுபோல.

ஆன்லைனில் தீவிரமாக ஆடுகிறவர்களிடம் கேட்டால் பின்பாயிண்ட்தான் "உண்மையான" பிட்சிங் என்பார்கள். பல்ஸ் என்றால் தாயக்கட்டை உருட்டுவது. இந்தப் பேச்சை வெறும் விளையாட்டு ஆலோசனையாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அதில் ஒரு அறநெறி ஒட்டிக்கொண்டிருக்கிறது. உழைத்தவனுக்குக் கூலி, சறுக்கியவனுக்குத் தண்டனை, நடுவில் அதிர்ஷ்டத்துக்கு வேலையே இல்லை என்கிற நெறி. நானும் பின்பாயிண்ட்தான் ஆடுகிறேன், அதன் சுகம் எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சுகமும் அந்த நெறியும் ஒன்றல்ல.

1976-இல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரு தத்துவவாதிகள் ஒரே தலைப்பில் ஆளுக்கொரு கட்டுரை முன்வைத்தார்கள். அறத்தில் அதிர்ஷ்டத்துக்கு இடம் உண்டா என்பது தலைப்பு. நம் கட்டுப்பாட்டில் இல்லாத ஒன்றுக்காக நம்மைக் குற்றம் சொல்லக்கூடாது என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வோம். ஆனால் நடைமுறையில் யாரும் அப்படி இருப்பதில்லை என்கிறார் நேகல். குடித்துவிட்டு ஓட்டிய இருவரில் ஒருவர் பத்திரமாக வீடு சேர்கிறார், இன்னொருவர் வண்டிமுன் ஒரு ஆள் வந்துவிடுகிறார். செய்த தப்பு ஒன்றுதான், தீர்ப்பு வேறு. வில்லியம்ஸ் இன்னும் சங்கடமான இடத்துக்குப் போகிறார். எந்தத் தப்பும் செய்யாத ஒரு லாரி ஓட்டுநர். குறுக்கே வந்த குழந்தை அடிபட்டு இறந்துவிடுகிறது. "உன்மேல தப்பில்லப்பா" என்று எல்லோரும் சொல்வார்கள், சொல்லவும் வேண்டும். ஆனால் அந்த ஓட்டுநர் அதை உடனே ஏற்றுக்கொண்டு நிம்மதியாகிவிட்டால் நமக்கு உறுத்தும். வேடிக்கை பார்த்தவரின் வருத்தமும் ஓட்டியவரின் வருத்தமும் ஒன்றல்ல. குற்றம் இல்லாமலேயே ஒரு செயல் நம்முடையதாக இருந்துவிட முடியும் என்பதுதான் அவர் சொல்லவந்தது.

இதை வைத்துப் பார்த்தால் பல்ஸ் என்னை வேடிக்கை பார்ப்பவனாக ஆக்குகிறது. வட்டத்துக்குள் எங்கோ போய்விட்டது, நான் என்ன செய்ய? பின்பாயிண்ட் என்னை முழுக் குற்றவாளியாக்குகிறது. வில்லியம்ஸின் ஓட்டுநருக்கு இரண்டிலும் இடம் இல்லை.

ஒரு விஷயத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பின்பாயிண்டும் முழுக்கச் சுத்தமில்லை. கோலத்தைப் பிழையில்லாமல் போட்டாலும் பந்து ஒரு சிறு எல்லைக்குள் எங்கோதான் விழும். பிட்சர் எவ்வளவு கட்டுப்பாடு உள்ளவர், எவ்வளவு களைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்து அந்த எல்லை பெரிதாகும். இதற்குத்தான் ஆன்லைனில் அதிகக் கோபம். "பெர்ஃபெக்ட்டா போட்டேன், நடுவுல போய் விழுது, சீட்டிங்!" எனக்கு அந்தக் கோபம் வேடிக்கையாக இருக்கும். நீங்கள் எடுத்துக்கொண்டிருப்பது இன்னொருவருடைய கை. அந்தக் கைக்கு ஒரு வயது, ஒரு களைப்பு, ஒரு வரம்பு இருக்கிறது. உங்கள் கட்டைவிரல் நன்றாக இருக்கிறது என்பதற்காக ஆறாவது இன்னிங்ஸில் தளர்ந்துபோன மனிதர் காலையில் எழுந்ததுபோல வீச வேண்டுமா? பிள்ளையின் மார்க்குக்காகப் பிள்ளையோடு சேர்ந்து படிக்கும் பெற்றோரிடமும் இதே கோபத்தைப் பார்க்கலாம். நான் சரியாகத்தானே செய்தேன்.

எனக்கு ஒரு நண்பன். சில வருடங்களுக்கு முன் ஒரு பைக் விபத்தில் அவனுடைய வலது கை நசுங்கியது. கட்டைவிரல் இருக்கிறது, ஆனால் பாதிதான் மடங்கும். பின்பாயிண்ட் அவனால் முடியாது. பல்ஸில்தான் ஆடுவான், பட்டனை இடது கைக்கு மாற்றிக்கொண்டு. அந்த விபத்தில் அவன்மேல் ஒரு தப்பும் இல்லை. சிக்னலில் நின்றுகொண்டிருந்தவன்மேல் பின்னாலிருந்து வண்டி வந்து ஏறியது. ஆனால் ஆஸ்பத்திரிக்கு வந்த ஒவ்வொருவரும் ஒரு தப்பைத் தேடினார்கள். "ஏன்டா அந்த நேரத்துல அந்த ரோட்டுல போன?" "கண்ணாடில பின்னால பாக்கலையா?" "ஓரமா நின்னிருக்கலாம்ல?" எல்லோரும் அவன்மேல் பாசம் உள்ளவர்கள்தான். அவன் சொன்னது ஞாபகம் இருக்கிறது: "நான் ஏதோ தப்பு பண்ணியிருந்தேன்னு தெரிஞ்சா அவங்களுக்குத் தூக்கம் வரும்டா."

குற்றவுணர்வு கசப்பானது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். அதைவிடக் கசப்பானது கையறு நிலை. என் தப்பு என்றால் அடுத்த தடவை சரிசெய்யலாம், உலகம் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். யாருடைய தப்பும் இல்லை என்றால் அது நாளைக்கும் வரும், சிக்னலில் நிற்கும் எவனுக்கும் வரும். பின்பாயிண்டின் ஈர்ப்பு இதுதான் என்று நினைக்கிறேன். அது தருவது வெற்றியை மட்டுமல்ல, நமக்கே நமக்கான தோல்வியை. "லேட்டா விட்டேன்" என்று தெரிந்து தோற்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது. அந்த நிம்மதியைத்தான் நாம் நேர்மை என்று பெயர்சூட்டி, பல்ஸ் ஆடுகிறவர்களை இளக்காரமாகப் பார்க்கிறோம்.

என் நண்பனோடு ஆடிப் பார்த்தால் அந்த இளக்காரம் கொஞ்ச நேரத்தில் காணாமல் போகும். வட்டத்துக்குள் பந்து எங்கே விழும் என்று தெரியாததால், அவன் எப்போதும் வட்டம் முழுவதையும் கணக்கில் எடுத்துக்கொள்வான். ஓரத்தைக் குறிவைக்காமல் ஓரத்துக்கு வெளியே குறிவைப்பான்; தப்பினாலும் நடுவுக்கு வராத மாதிரி. இரண்டு வேகப் பந்துகளுக்குப் பிறகு நான் மூன்றாவதுக்குக் காத்திருப்பேன் என்று அவனுக்குத் தெரியும். அப்போது மெதுவாக ஒன்று வரும். விரலால் செய்ய முடியாததை முன்யோசனையால் செய்கிறான் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொள்கிறேன், அது ஆறுதல் பரிசு மாதிரி ஒலிக்கிறது. விஷயம் அதுவல்ல. எந்தப் பந்து, எங்கே என்று முடிவெடுப்பது பிட்சிங்கின் பாதி. நிஜ மைதானத்தில் அந்தப் பாதிகூட பிட்சருக்கு மட்டும் சொந்தமில்லை. காலங்காலமாக கேட்சர் விரலால் சைகை காட்டுவார், பிட்சர் தலையாட்டுவார். 2022 முதல் பிட்ச்காம் என்று ஒரு கருவி வந்திருக்கிறது. பட்டனை அழுத்தினால் எந்தப் பந்து என்று காதில் சொல்லும். பட்டன் அழுத்துவது பிட்சிங் இல்லை என்பவர்கள் இதை யோசிக்கலாம்.

வீசிய பிறகு நடப்பது இன்னும் மோசம். 2001-இல் வோரோஸ் மெக்ராக்கன் என்ற ஆய்வாளர், பேட்டில் பட்டு மைதானத்துக்குள் போகும் பந்து ஹிட் ஆவதும் கேட்ச் ஆவதும் பெரும்பாலும் பிட்சரின் கையில் இல்லை என்று எழுதினார். அதில் ஒரு பெரிய லீக் பிட்சருக்கும் இன்னொருவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றார். பலர் கொதித்தார்கள். பிறகு வந்தவர்கள் அதை நிறையத் திருத்தினார்கள், ஆனால் அடிப்படை நின்றுவிட்டது. ஃபீல்டர்கள், காற்று, புல், தற்செயல். பிட்சரின் பெயருக்கு நேரே பதிவாகும் தோல்விகளில் அவருடையது எவ்வளவு என்பதை இன்றுவரை பங்குபோட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த ஐந்து வழிகளிலும் அடங்காத ஒருவர் ஸ்டீவ் பிளாஸ். பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் பிட்சர். 1971 வேர்ல்டு சீரிஸின் ஏழாவது ஆட்டத்தைக் கடைசிவரை வீசி ஜெயித்தவர். 1972-இல் 19 வெற்றிகள். 1973-இல் 88 இன்னிங்ஸ் சொச்சத்தில் 84 பேட்டர்களைச் சும்மா நடக்கவிட்டார். காயம் இல்லை. கை நன்றாக இருந்தது. பயிற்சியில் பந்து சொன்னபடி கேட்டது. ஆட்டத்தில், எதிரே பேட்டர் நின்றால், கேட்கவில்லை. என்னென்னவோ செய்து பார்த்தார். 1975-இல் ஆட்டத்தை விட்டுவிட்டார். இன்றைக்கும் ஒரு பிட்சருக்குத் திடீரென்று குறி போய்விட்டால் அதற்கு அவருடைய பெயரைத்தான் வைக்கிறார்கள்.

2000 அக்டோபர் 3 அன்று செயிண்ட் லூயிஸ் கார்டினல்ஸின் ரிக் அங்கீலுக்கு அதுவே நடந்தது. வயது 21. பிளேஆஃப் முதல் ஆட்டம், மூன்றாவது இன்னிங்ஸ், கேட்சரால் பிடிக்க முடியாதபடி ஐந்து பந்துகள். அதன்பிறகு பிட்சராக அவர் பழையபடி திரும்பவே இல்லை. அவுட்ஃபீல்டராக மாறி 2007-இல் மறுபடி பெரிய லீக்குக்கு வந்தார், வந்த முதல் ஆட்டத்திலேயே ஹோம் ரன் அடித்தார். மட்டையோடு வந்ததால் குறியைப் பற்றி யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

கேமில் பிட்சருக்கு நம்பிக்கையைக் காட்டும் ஒரு பட்டை உண்டு. அடிமேல் அடி வாங்கினால் அது இறங்கும், பந்து விழும் எல்லை விரியும். இரண்டு பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தால் மறுபடி ஏறிவிடும். என் நண்பனிடம் பிளாஸ் கதையைச் சொன்னபோது அவன் கேட்டது ஒன்றுதான்: "ஏன்டா, அவரையும் எல்லாரும் என்ன தப்பு பண்ணீங்கன்னு கேட்டிருப்பாங்கல்ல?" கேட்டிருப்பார்கள். பிளாஸ் பிறகு 1983-லிருந்து 2019 வரை பைரேட்ஸ் ஆட்டங்களுக்கு வர்ணனையாளராக இருந்தார். ஒவ்வொரு சீசனும் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து, இன்னொருவருடைய பந்து எங்கே போனது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.